அவலட்சணப் பட்டம் வேண்டாம்: பழைய கார் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய கார்களை ஓட்டிவந்து கூடும் அன்பர்களுக்கும், அந்தக் கூட்டங்களை நடத்தும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன் நான். உங்களில் சிலருடைய வண்டிகளின் மட்கார்டும் கதவும் என் சுத்தியல் பட்டவைதான். அந்த உரிமையில் எழுதுகிறேன். போன முறை கானாடுகாத்தானில் வண்டிகளை நிறுத்திவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு, உலகத்திலேயே அசிங்கமான பழைய கார் எது என்பதில் போய் நின்றது. ஒருவர் எட்செல் என்றார். இன்னொருவர் ஆஸ்டின் அலெக்ரோ என்றார். நம்ம ஊர் ஸ்டாண்டர்டு கெஸலை விட்டுவிட்டீர்களே என்று மூன்றாமவர் கேட்டார். பேச்சு சுவையாகத்தான் இருந்தது, நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் அடுத்த கூட்டத்தில், வந்திருக்கும் வண்டிகளிலேயே அவலட்சணமானது எது என்று ஓட்டெடுத்து, அதற்கு ஒரு பட்டமும் கோப்பையும் கொடுக்கப் போவதாகக் கேள்விப்படுகிறேன். அந்தப் பட்டத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

விவாதம் தாராளமாக நடக்கட்டும். காரின் உருவத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற ஆட்கள் கிடைப்பதே அபூர்வம். ஆனால் பேசுவது வேறு, பட்டம் கட்டுவது வேறு. பட்டம் என்று வந்துவிட்டால் அந்த உருவம் ஏன் அப்படி வந்தது என்ற கேள்வி அங்கேயே செத்துப்போகிறது.

எட்செலையே எடுத்துக்கொள்வோம். 1957 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் அதை வெளியிட்டது. ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரைத்தான் வைத்தார்கள். எல்லாரும் வண்டியின் முன்பக்கத்து வலை மாதிரியான கிரில்லைப் படுக்கைவாட்டில் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இது மூக்கு நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு வளையத்தை வைத்தது. குதிரையின் கழுத்துப்பட்டை என்று கேலி செய்தார்கள், அதைவிட மோசமாகவும் சொன்னார்கள். வடிவமைத்த ராய் பிரௌன் முதலில் மனதில் வைத்திருந்தது இன்னும் ஒடுக்கமான, மெல்லிய ஒரு கீற்று. அந்த இடைவெளியில் ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாது என்று பொறியாளர்கள் சொல்ல, வளையம் அகன்றுகொண்டே போனது. வண்டி வந்த நேரமும் சரியில்லை. 1958-ல் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து, நடுத்தர விலை கார்களுக்கு ஆள் குறைந்துவிட்டது. ஃபோர்டும் மெர்க்குரியும் ஓடுகிற அதே அசெம்பிளி லைனில் இதையும் சேர்த்து ஓட்டியதால் பொருத்தமும் சரியாக அமையவில்லை. 1959 நவம்பரில் நிறுத்தினார்கள். நஷ்டம் ஏறக்குறைய 25 கோடி டாலர் என்பார்கள். இத்தனை காரணம் இருக்க, பழி முழுவதும் மூக்கின்மேல் விழுந்தது.

அந்த வளையம் எனக்குப் பிடிக்கும். தூரத்தில் வரும்போதே இன்ன வண்டி என்று தெரிகிற முகம் அது. எட்செலில் குறை சொல்ல வேண்டுமென்றால் 1958 ஸ்டேஷன் வேகனின் பின்விளக்கைச் சொல்லலாம். பூமராங் மாதிரி வளைந்த விளக்கு. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டால், பின்னால் வருகிறவன் கண்ணுக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி மாதிரித் தெரியும். இது நிஜமான டிசைன் பிழை. இந்த மாதிரிப் பிழைகளைத் தேடிப் பேசினால் ஒரு ராத்திரி போதாது.

பிரான்ஸில் செய்த சிட்ரோயன் 2சிவி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் திரை விலகியதும் பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். முதலில் வந்த வண்டிகளின் பானெட் முழுக்க வரி வரியாக, கூரைத் தகரம் போலவே இருக்கும். டிங்கரிங் செய்கிறவன் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். தகடு மெல்லிசாக இருந்து, பரப்பும் அகலமாகச் சமமாக இருந்தால், ஓடும்போது படபடவென்று அடிக்கும், கையை ஊன்றினால் குழியும். அதிலேயே வரி போட்டுவிட்டால் அதே மெல்லிய தகடு விறைத்து நிற்கும், எடையும் கூடாது. 375 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு, விவசாயியையும் அவன் மூட்டையையும் உழுத வயல் வழியாக, கூடையில் இருக்கும் முட்டை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் வைத்த கணக்கு. எடை ஒவ்வொரு கிலோவாகக் குறைந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். அந்த வரிகளில் ஒன்றுகூட அலங்காரம் இல்லை.

அமெரிக்காவின் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ இன்னொன்று. 1934-ல், காற்றை வேகமாக ஊதிப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உருவாக்கிய கார். எஞ்சினை முன்னே தள்ளி வைத்து, ஆட்கள் முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவில் உட்காரும்படி செய்தார்கள், குலுக்கல் குறைந்தது. உருண்டையான மூக்கை ஜனங்கள் ஏற்கவில்லை, 1937-உடன் முடிந்துவிட்டது. ஆனால் ஜப்பானில் டொயோட்டா தன் முதல் காரை 1936-ல் வெளியிட்டபோது அந்த மூக்கைத்தான் பின்பற்றியது. இங்கிலாந்தில் செய்த அலெக்ரோவின் கதையும் ஏறக்குறைய எட்செல் கதைதான். அதை வடிவமைத்த ஹாரிஸ் மான் காகிதத்தில் வரைந்தது ஒல்லியான வண்டி. உயரமான எஞ்சினையும் பருமனான ஹீட்டரையும் உள்ளே அடைத்ததும் அது ஊதிப்போனது.

சரி, வெளிநாட்டு வண்டிகளை விடுவோம். அவற்றைப் பற்றி இங்கே என்ன சொன்னாலும் அவை பிழைத்துக்கொள்ளும். எனக்குக் கவலையெல்லாம் நம் வண்டிகளைப் பற்றித்தான்.

சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது உங்களுக்குத் தெரியும். மிக்கெலோத்தி என்ற இத்தாலியர் வரைந்த அழகான உருவம், மூலவண்டி 1959-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. அதன் கதவு இடுக்கும் பானெட் இடுக்கும் ஒரே சீராக இருக்காது என்று குறை சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் அவர்களுக்கு பாடி அடித்துக்கொடுத்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடியாக அடிக்க வழியில்லாமல், அடிச்சட்டமான சேஸிஸைத் தனியாக வைத்து, துண்டு துண்டாக பேனல்களை போல்ட் போட்டு முடுக்கினார்கள். அதனால் இடுக்குகள் ஒத்துவராது. ஆனால் ஒரு மட்கார்டு நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், அவ்வளவு பெரிய பானெட் முன்பக்கமாக முழுசாகத் திறந்துகொள்ளும், எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். மெக்கானிக் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கையெடுத்துக் கும்பிடுவார்.

அந்த ஹெரால்டிலிருந்து 1970-களில் வந்த நாலு கதவு வண்டிதான் கெஸல். உருவத்தை இங்கேயே மாற்றினார்கள். புது பாடிக்கு டை, அதாவது தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் வார்ப்பு, செய்வது கோடிக்கணக்கான ரூபாய் வேலை. இருப்பதில் எதைத் தொட முடியுமோ அதை மட்டும் தொட்டுத்தான் புது வண்டி என்று காட்ட முடியும். அம்பாசடர் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை ஓடியும், முகத்தில் கிரில் மாறியதே தவிர உடம்பு மாறாததற்கும் இதுதான் காரணம். கெஸலைப் பார்த்து ஹெரால்டின் அழகைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். அந்தக் கதவை அடித்த கை நம்ம ஊர்க் கை என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-ஐயும் அன்றைக்குப் பேச்சில் இழுத்தீர்கள். அது இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1-ன் உருவம், ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று விருது வாங்கியது. அதை நம் சாலைக்காகத் தூக்கி நிறுத்தினார்கள், உள்ளே ஸ்டாண்டர்டின் பழைய வேங்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். கால் தூக்கி நிற்கிற மாதிரி இருக்கிறது என்பது உண்மைதான். அப்போதைய நம் ரோடுகளில் அந்த வண்டியை இங்கிலாந்து உயரத்திலேயே ஓட்டியிருந்தால் சைலன்சர் வீடு வந்து சேராது. பெங்களூரில் செய்த மூன்று சக்கர பாதல் காருக்குச் சிரிக்காதவர்கள் கிடையாது. அது ஃபைபர் பாடி. தகடு அழுத்தப் பெரிய பிரஸ்ஸும் டையும் இல்லாத சின்னக் கம்பெனி ஒரு காரைச் செய்து முடிக்க இருந்த ஒரே வழி அதுதான். என் சுத்தியலுக்கு அதில் வேலை இல்லை. ஆனாலும் யாராவது ஒருவர் அதைக் கொண்டுவந்தால் அன்றைக்குப் பட்டறைக்கு லீவு விட்டு வந்து பார்ப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அழகில்லை, காலத்துக்கு ஒவ்வாது என்று பேர் வாங்கியது என்ன ஆகும் என்பது செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்காளிகளுக்குள் பேசி முடித்து வீட்டைப் பிரித்தால், பர்மாத் தேக்குத் தூண் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கம், பெல்ஜியம் கண்ணாடி ஒரு பக்கம் என்று போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தாலே பிரித்த வீடுகளைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம். காருக்கு அந்தக் கொடுப்பினைகூடக் கிடையாது. பேர் பெற்ற வண்டியின் கிரில்லும் ஹெட்லைட் வளையமும் கொஞ்சம் விலைபோகும். கெஸலும் பாதலும் நேராகக் காயலான் கடைக்குத்தான். ரோல்ஸ் ராய்சுக்கு வாரிசு எப்போதும் இருக்கும். கேலிக்கு ஆளான வண்டிக்கு, அதை வைத்திருக்கிற ஒரே ஒரு குடும்பத்தின் மனசுதான் பாதுகாப்பு.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒரு கெஸல் இருக்கிறது. பின்தெருவைப் பார்த்த கார் ஷெட்டில், நாலு டயரும் தரை தட்டி நின்றது. பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறவர், வண்டியைத் தேற்றி உங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்டு என்னைக் கூப்பிட்டார். நான் கதவோரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். மேலே யாரோ பிரஷ்ஷால் அடித்த பச்சை, அதன் கீழே பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி, அதன் கீழே ஒரு சாம்பல் பிரைமர், அதற்கும் கீழே கம்பெனி அடித்த கிரீம் கலர், விரிசல் இல்லாமல் அப்படியே இருந்தது. நம் பக்கம் உப்புக்காற்று இல்லாத புண்ணியம், தகடும் திடமாக இருந்தது. ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்து வந்து, அந்தக் கிரீம் கலரைத் தொட்டுப் பார்த்து, “எங்க வீட்டுக்கு வந்தப்ப இந்த நிறந்தான் தம்பி” என்றார். பேரனுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் உங்கள் பட்டம் பற்றிய செய்தி அவர் காதுக்கு எட்டியது. “அண்ணே, ஹெரால்டு முகம் எங்கயாவது கிடைச்சா மாத்திரலாமா? இந்த மூஞ்சியோட போனா சிரிப்பாங்க” என்று போனில் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வேலை அப்படியே நிற்கிறது.

ஒரு கோப்பை செய்கிற வேலை இதுதான். ஒரிஜினலாக மிஞ்சியிருக்கிற ஒரு வண்டியை வேறொன்றாக மாற்றச் சொல்கிறது, இல்லாவிட்டால் ஷெட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது.

என்னைக் கேட்டால் அவலட்சணம் தொழிற்சாலையில் பிறப்பது குறைவு. பிற்பாடு நாம் செய்வதுதான் அதிகம். 1950-களின் ஃபியட்டுக்கு அலாய் வீல் மாட்டுவது, அம்பாசடரின் மட்கார்டை வெட்டி அகல டயர் போடுவது, வட்ட ஹெட்லைட்டைப் பிடுங்கிவிட்டு எல்இடி பட்டை வைப்பது, மர டேஷ்போர்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது. இவற்றுக்கு மதிப்பெண் குறைத்தால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். அதற்கு உருவத்தைக் கேலி செய்ய வேண்டிய தேவை இல்லை.

ஆகவே என் கோரிக்கை இது. அந்தக் கோப்பையை, அதிகம் மாற்றப்படாமல் வந்து சேரும், யாரும் சீந்தாத மாடலுக்குக் கொடுங்கள். எது சீந்தாத மாடல் என்று நீங்களே விவாதித்து முடிவு செய்யலாம், உங்கள் பேச்சின் சுவையும் கெடாது. நடுவர்கள் தாளில் கம்பெனி பெயின்ட், கம்பெனி கிரில், கம்பெனி பேனல் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதற்குத் தனிப் பத்தி போடுங்கள், தேவைப்பட்டால் நானே வந்து காந்தம் வைத்துப் பட்டியின் கனத்தைப் பார்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலும், இந்த உருவம் ஏன் இப்படி வந்தது என்று தமிழில் நாலு வரி எழுதி ஒரு பலகை வையுங்கள். வேடிக்கை பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இப்போது கிடைப்பதெல்லாம் வண்டியோடு ஒரு செல்ஃபிதான்.

அணிவகுப்பில் இத்தகைய வண்டிகளைக் கடைசியில் தள்ளாமல் நடுவில் விடுங்கள். பழைய கூலிங் சிஸ்டம், காரைக்குடி வெயிலில் ஊர்ந்து போகும்போது சூடேறிவிடும். கடைசியில் நின்றால் உதவிக்கும் ஆள் இருக்காது.

அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பில் அந்தப் பட்டம் இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். தேவகோட்டைக்காரருக்கு நான் போன் செய்ய வேண்டும், வண்டிக்குக் கிரீம் கலர் கலக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

இப்படிக்கு,
காரைக்குடி டிங்கரிங் பட்டறைக்காரன்