பாடம் முடிந்ததும் 3 நிமிடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் ஐயாவுக்கும் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

சவுண்ட் சிஸ்டம் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை பேசியிருக்கிறேன். அதைக் கிளறவில்லை. போன ஞாயிறு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு முதலாம் வேதபாடம் பழைய ஏற்பாட்டின் 1 இராஜாக்கள் 19. ஓரேப் மலையில் கெபிக்குள், அதாவது குகைக்குள், ஒளிந்திருக்கிறான் எலியா தீர்க்கதரிசி. பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எதிலும் கர்த்தர் இல்லை. கடைசியில் 'அமர்ந்த மெல்லிய சத்தம்'. வாசித்தவர் புத்தகத்தை மூடுவதற்குள் ரிதம் பேட் என்ற மின்தாளக் கருவி அதிர்ந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

என் அம்மாவுக்கு 78 வயது. கடைத்தெருவில்கூடக் காது மெஷினோடு நடப்பவர், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார். ஸ்பீக்கர் சத்தம் மெஷினுக்குள் இடியாக விழுகிறதாம். ஆராதனை முழுக்கப் பிறர் உதடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வசனம் கேட்கத்தானே ஐயா வருகிறார்?

கேட்பது ஒன்றுதான். பாடம் வாசித்ததும் 3 நிமிடம் மௌனம். மைக், கீபோர்டு எதுவும் வேண்டாம்.

'இங்கே உனக்கு என்ன காரியம்?' என்று எலியாவிடம் இரண்டு தரம் கேட்கப்படுகிறது, மெல்லிய சத்தத்துக்கு முன்னும் பின்னும். இரண்டு தரமும் அவன் ஒப்பிப்பது ஒரே புலம்பல்: கர்த்தருக்கென்று நான் ஒருவன்தான் மிச்சம். ஜெபத்தில் உட்கார்ந்தால் என் மனசும் அப்படித்தான், பழைய கணக்கையே எடுக்கும். அது ஓய்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்படுவது உறைக்கிறது. இஸ்ரவேலில் கர்த்தரை விடாதவர்கள் இன்னும் 7000 பேர் உண்டு என்பதெல்லாம் அப்புறம்தான் அவனுக்கே தெரிய வருகிறது. 'மெல்லிய சத்தம்' என்ற இடத்தில் எபிரெய மூலத்தில் வரும் சொல்லுக்கு மௌனம் என்றும் பொருள் உண்டு, ஐயாவுக்குத் தெரியாததல்ல.

கர்த்தருடைய செவி மந்தமாகவில்லை என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறாரே, பிறகு யாருக்காக இத்தனை ஸ்பீக்கர்? அடுத்த தெரு சபையை ஜெயிக்கவா? சந்தா கேட்டு வீட்டுக்கு வரும்போது மட்டும் எல்லோரும் எவ்வளவு மெல்லப் பேசுகிறீர்கள்!

மன்னியுங்கள், வார்த்தை கூடிவிட்டது. பாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு முதல் அந்த 3 நிமிடத்தைத் தரும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் பேசிவிட்டேன். அவனுக்குச் சம்மதம்தான், கமிட்டி சொன்னால் போதும் என்கிறான்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன்