சுட்டால் சரி, தொட்டால் தப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பிள்ளைகள் செல்போனில் விளையாடும் கேம்கள் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அதில் முக்கால்வாசி ஆபாசத்தைப் பற்றித்தான். வெட்டு, குத்து, துப்பாக்கிச் சூடெல்லாம் 'வன்முறைக் காட்சிகளும் உண்டு' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

என் மகனுக்கு 11 வயது. கோடை விடுமுறையில் அவனும் என் தங்கை மகனும் ஆளுக்கொரு போனோடு பட்டாசலில் உட்கார்ந்து சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் என் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எத்தன பேரல கொன்ன?" என்று அவரே கேட்கிறார், "பதினேழு ஆச்சி" என்கிறான், "சரி, கஞ்சி ஆறுது, வா" என்கிறார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. திடீரென்று நடுவில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது, வேறு ஏதோ ஆப்புக்கானது, அரைகுறை உடையில் ஒரு பெண் படம். அவ்வளவுதான், கீரைக் கையோடு போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியவர் மூன்று நாள் தரவே இல்லை. அம்மா செய்தது சரி என்றுதான் நானும் அன்றைக்கு நினைத்தேன். அதற்கு முந்தின அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஆச்சியைச் சொல்லிக் குற்றமில்லை. 2005-இல் அமெரிக்காவில் 85 வயதுப் பாட்டி ஒருவர் கேம் கம்பெனி மேல் வழக்கே போட்டார். 14 வயதுப் பேரனுக்கு அவர் வாங்கிக் கொடுத்த கேம் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்'. அட்டையிலேயே 17 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது, அது வேறு விஷயம். அந்த கேமில் போலீஸ்காரரைச் சுடலாம், ரோட்டில் போகிறவரை மர அறுப்பு மிஷினால் அறுக்கலாம், ஆளைத் தீ வைத்துக் கொளுத்தலாம். பாலியல் தொழில் செய்யும் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு, அப்புறம் அவளையே கொன்று, கொடுத்த காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துதான் 2004 அக்டோபரில் இருந்து கடை கடையாக விற்றுக்கொண்டிருந்தது.

பிரச்சினை வந்தது இதனால் இல்லை. நாயகனை அவன் காதலி "காபி சாப்பிட்டுப் போயேன்" என்று வீட்டுக்குள் கூப்பிடுவாள். கேமரா வாசலிலேயே நின்றுவிடும், உள்ளேயிருந்து சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே நடப்பதையும் ஒரு சின்ன விளையாட்டாகத் தயாரித்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று பூட்டி வைத்திருந்தார்கள், ஆனால் நிரலில் இருந்து அழிக்கவில்லை. 2005 ஜூனில் கம்ப்யூட்டர் பதிப்பு வந்ததும் நெதர்லாந்துக்காரர் ஒருவர் அந்தப் பூட்டைத் திறக்கும் சின்ன ஃபைல் ஒன்றை இணையத்தில் விட்டார். 'ஹாட் காபி' என்று அதற்குப் பெயர். பொம்மை மாதிரி இரண்டு உருவங்கள், நாயகன் போட்ட சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

அதற்குத்தான் அவ்வளவு கூத்து! அப்போது செனட்டராக இருந்த ஹிலாரி கிளின்டன் மத்திய வர்த்தக ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றார். ஜூலை 20 அன்று, கேம்களுக்கு வயது முத்திரை குத்தும் தர வாரியம் 17+ என்பதை எடுத்துவிட்டு 'பெரியவர்களுக்கு மட்டும்', அதாவது 18+ என்று மாற்றியது. ஒரே ஒரு வயதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த முத்திரை குத்திய கேமை வால்மார்ட் மாதிரி பெரிய கடைகள் விற்காது, பிளேஸ்டேஷன் மாதிரி டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல்களும் அனுமதிக்காது. அலமாரியில் இருந்து மொத்தமாக இறக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கே தடை. கம்பெனி அந்தக் காட்சியை நீக்கி மறுபடி கொண்டுவந்தது, மர அறுப்பு மிஷின் அப்படியே இருந்தது. கடைசியில் வழக்கில் சமரசத் தீர்வாக, மனம் புண்பட்டவர்களுக்கு 35 டாலர் வரை தருகிறோம் என்றபோது, லட்சக்கணக்கில் விற்ற கேமுக்கு, வந்து கேட்டவர்கள் 3,000 பேர்கூட இல்லை.

வன்முறைக்காக 18+ முத்திரை விழுந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன், 2007-இல் 'மேன்ஹன்ட் 2'-க்கு விழுந்தது. ஆனால் அது அபூர்வம்.

கொடூரமான கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. பாலியல் விஷயத்தைச் சிறுவர்களிடமிருந்து தடுக்கும் வழக்கம் நாட்டில் உண்டு, வன்முறையைத் தடுக்கும் வழக்கம் கிடையாது, கிரிம் சகோதரர்களின் குழந்தைக் கதைகளிலேயே சூனியக்காரியை அடுப்பில் தள்ளுகிறார்களே என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மாறுபட்ட இருவரில் நீதிபதி ஸ்டீபன் பிரேயர் கேட்டது எனக்கு இன்னும் உறைக்கிறது: 13 வயதுப் பையனுக்கு நிர்வாணப் பெண் படம் போட்ட பத்திரிகையை விற்றால் குற்றம், அதே பையன் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் கேமை அவனுக்கு விற்றால் உரிமை, இதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

நம் ஊருக்கு வருவோம். 2021-இல் இந்தியாவுக்கென்று தனியாக வந்த பிஜிஎம்ஐ என்ற செல்போன் துப்பாக்கிச் சண்டை கேமில் வன்முறையைக் குறைத்துவிட்டோம் என்றார்கள். என்ன குறைத்தார்கள்? ரத்தம் சிவப்பாக இல்லாமல் பச்சையாக வரும், 'கில்' என்பதற்குப் பதில் 'ஃபினிஷ்' என்று வரும். ஆளைச் சுடுவது சுடுவதுதான்!

நான் என்ன உத்தமனா? 2006, 2007-இல் பள்ளிக்கூடம் விட்டதும் பாளையங்கோட்டையில் ஒரு பிரௌசிங் சென்டரில்தான் கிடப்போம். அங்கே இதே சான் ஆண்ட்ரியாஸில் சீட் கோடு (குறுக்குவழி எழுத்துகள்) அடித்து டாங்கி வரவழைத்து, தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் ஏற்றிக் கொல்லுவோம். ஒவ்வொரு கேபினிலும் 'ஆபாசப் படம் பார்க்கக் கூடாது, மீறினால் போலீசில் ஒப்படைக்கப்படும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். கடைக்கார அண்ணன் பின்னால் வந்து நின்று பார்ப்பார், டாங்கி என்றால் "சூப்பர்ல" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்.

அதனால் நாங்கள் யாரும் கொலைகாரர்களாகி விடவில்லை, கேம் விளையாடினால் கத்தி எடுப்பான் என்று நானும் சொல்லவில்லை. ஆபாசத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை, அந்த விளம்பரம் என் மகன் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நாம் தடுப்பதெல்லாம் நமக்குக் கூச்சமாக இருப்பதை மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. நாலு பேர் முன்னால் ஒரு முத்தக்காட்சி வந்தால் நமக்குத்தான் நெளிகிறது, தலை உருண்டால் நெளிவதில்லை. பெற்றோருக்கான யோசனை என்று அடுத்த முறை நீங்கள் எழுதும்போது அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நீட்டி எழுதினால் நல்லது.

இன்னொன்று. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு சினிமா விளம்பரம் போட்டிருந்தீர்கள், ரத்தம் சொட்டும் அரிவாளோடு ஹீரோ, முழுப் பக்கம், கலரில். என் மகன் அதை வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறான். ஆச்சிதான் பசை எடுத்துக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி