குழாயடிப் புங்கமரங்களை விட்டுவிடுங்கள்: குடியிருப்பின் பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் குடியிருப்பில் ஒட்டிய அறிவிப்பைப் படித்தோம். ஒட்டியது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். குழாயடிப் புங்கமரத்தில் நாலு ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். பொது இடத்தில் முன் அனுமதியின்றி நட்ட மரங்களை ஏழு நாளில் குடியிருப்போரே அகற்ற வேண்டுமாம், தவறினால் அலுவலகம் அகற்றிச் செலவை வசூலிக்குமாம். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே என்ன நிற்கிறது, எத்தனை வருஷமாக நிற்கிறது என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. எனவே நேராகவே கேட்டுவிடுகிறோம். மரங்களை வெட்ட வேண்டாம். அனுமதி யார் தருவது, எந்தப் படிவத்தில் கேட்பது என்று எழுத்தில் கொடுங்கள்.

படிவத்தைத் தேடாமல் இல்லை. தங்கள் அலுவலகத்தில் கேட்டால் நகராட்சிக்குப் போங்கள் என்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் இடம் எங்களுடையது இல்லையே என்கிறார்கள். இல்லாத அனுமதியை வாங்கவில்லை என்பதுதான் எங்கள் குற்றம்.

குழாயடியை மட்டும் கொஞ்சம் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி மோட்டார் நின்றுபோகும் நாட்களில் மூன்று பிளாக்குக்கும் அந்த ஒரு குழாய்தான். தண்ணீர் விடுவது பகல் ஒன்றரை மணிக்கு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மாடிப்படி நிழலுக்கு ஒதுங்கினால் குடம் பின்னால் தள்ளப்படும், ஆகவே ஆளும் நின்றாக வேண்டும். தரை முழுக்கக் கான்கிரீட். சித்திரையில் பிளாஸ்டிக் குடத்தின் வாயில் கை வைக்க முடியாது. செருப்பில்லாமல் வந்த பிள்ளை குடத்து மூடியைத் தரையில் போட்டு அதன் மேல் ஒற்றைக்காலில் நிற்கும். அதற்காகத்தான் குழாய்க்கு மேற்கே எட்டடி தள்ளி மூன்று புங்கன். ஒன்றரை மணிக்கு மேல் வெயில் மேற்கே சாயச் சாய, நிழல் வரிசை மேல் விழும். புங்கன் மாசியில் இலை கொட்டி, பங்குனியில் தளிர்த்து, சித்திரைக்குள் நிழல் கட்டிவிடும். ஆசைக்கு நட்ட மரமில்லை, கணக்குப் போட்டு நட்ட மரம்.

நட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறோம், கண்டபடி நட்டிருக்கிறார்கள் என்று அறிவிப்பில் இருப்பதால். டெல்டாக் களிமண்ணில் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டினால் மண்வெட்டி பட்ட பக்கமெல்லாம் பானை மாதிரி வழவழத்துப்போகும். அப்படியே நட்டால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வடியாது, வேர் அழுகும். கடப்பாரையால் நாலு பக்கமும் கீறிவிட வேண்டும். மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, குழிக்கு அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு. கன்று ஆறடி உயரம், இல்லாவிட்டால் ஆட்டுக்குத்தான். பையைக் கிழித்ததும் அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட வேண்டும்; விட்டால் பத்து வருஷம் கழித்து அந்தச் சுருளே மரத்தின் கழுத்தை நெரிக்கும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து தரைக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கும்படி நட்டு, இரண்டு பக்கமும் சவுக்குக் கழி ஊன்றி, கயிற்றை எட்டுப் போல் தளர்த்திக் கட்டி, ஒரு வருஷத்தில் அவிழ்க்க வேண்டும். முதல் கோடையில் வாரம் இரண்டு தடவை பதினைந்து லிட்டர். அரிசி களைந்த தண்ணீரும் அதில் அடக்கம். மண் காயாமல் மூடிவைக்கும் மூடாக்குக்கு நாலு அங்குல வைக்கோல், தண்டைத் தொடாமல். தொட்டால் கரையான்.

வேர் கழிவுநீர்க் குழாயை உடைக்கிறது என்கிறீர்கள். நல்ல குழாயை வேர் உடைக்காது, கசியும் இணைப்பில்தான் ஈரத்தைத் தேடி நுழையும். இந்த மண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் ஊதும். பழைய மண்குழாயின் சிமெண்ட் பூச்சு அந்த இழுவைக்குத் தாங்காமல் விரிகிறது. வேரை வெட்டினாலும் கசிவு நிற்காது. மரங்கள் தரையைத் தூக்குகின்றன என்பதும் பாதிதான் உண்மை. போன வருஷம் தண்டை ஒட்டிக் கான்கிரீட் போட்டது அலுவலகம். காற்றும் நீரும் கீழே இறங்காததால் வேர் மேலே வருகிறது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே சொன்னது. இங்கே மூன்றடி விட்டிருந்தால் போதும்.

புயலில் விழும் என்ற பயம் நியாயமானது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியதை டெல்டாவில் யாரும் மறக்கவில்லை. ஊறிய களிமண் வேரை விட்டுவிடும். குழாய் பதிக்க ஒரு பக்க வேரை அறுத்த மரத்துக்கு அந்தப் பக்கம் பிடிமானமே கிடையாது. அதற்குச் செய்ய வேண்டியது புரட்டாசியில் கவாத்து: உள்ளே நெருங்கிய கிளைகளில் கால்வாசியைக் கழித்துக் காற்றுக்கு வழி விடுவது. கிளையை முதலில் அடியில் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. அலுவலகத்து ஆட்கள் செய்வது மொட்டையடிப்பது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளைக்கும் போத்துக்கு, அதாவது புதுக் கிளைக்கு, அடிப்பிடிப்பு இல்லை, அடுத்த காற்றில் முறிந்து விழுவது அதுதான்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. சி பிளாக் பின்னால் மின்கம்பிக்கு நேர் கீழே யாரோ வைத்த வாதாமரத்தை எடுத்துவிடுகிறோம், அங்கே நெல்லியோ மாதுளையோ போதும். சுவரோரத்து முருங்கையும் போகட்டும். கீரைக்கு ஆசைப்பட்டு வைத்தது, ஒரு காற்றுக்குத் தாங்காது.

ஆனால் அனுமதியில்லாத மரம் என்று தேடினால் அண்ணாந்தும் பார்க்க வேண்டும் ஐயா. பி பிளாக் மூன்றாம் மாடி சன்ஷேடில் ஓர் அரசமரம் நிற்கிறது. காக்கை போட்ட விதை, அது எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் தலையை மட்டும் வெட்டுகிறார்கள், அடி பருத்துக்கொண்டே போகிறது, விரிசலும் கூடவே இறங்குகிறது. செப்டிக் டேங்க் பின்னால் சீமைக்கருவேலங்காடு, அதற்கும் அறிவிப்பில்லை. ஒரு விழாவில் நட்ட கன்றுகளுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, கல்வெட்டு மட்டும் வாடாமல் இருக்கிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கியது, மாநிலத்தில் 33 சதவீதம் பசுமைப் பரப்பு இலக்கு. அந்த 33-ல் எங்கள் மூன்றும் சேர்த்தியா இல்லையா என்றாவது யாராவது சொல்லலாம். தெருவிளக்கு, தொட்டி கழுவுவது, மோட்டார்... சரி, அதெல்லாம் இன்னொரு மடலுக்கு. கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

பணிவாகக் கேட்பது பழையதேதான். குழாயடிப் புங்கன் மூன்றையும், நுழைவாயில் பூவரசு இரண்டையும் வெட்ட வேண்டாம். அனுமதி தருபவர் யார் என்று எழுத்தில் கொடுங்கள், அன்றைக்கே மனுவோடு வருகிறோம். தங்கள் உதவிப் பொறியாளர் ஒருநாள் பகல் ஒன்றரை மணிக்கு வந்து பார்த்தால் நல்லது.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். மழை பிடிப்பதற்குள் தண்டைச் சுற்றிய கான்கிரீட்டை மூன்றடிக்கு உடைத்தாக வேண்டும். கடப்பாரையும் ஆளும் எங்களிடமே உண்டு. அதற்கும் அனுமதி வேண்டுமென்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏ, பி, சி பிளாக் குடியிருப்போர்