கிளிமஞ்சாரோவைக் கடைசியில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த ஆப்பிரிக்கப் பயணக் கட்டுரையை என் எதிர்வீட்டுத் தம்பதி கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இருவரும் வங்கியில் ஓய்வு பெற்றவர்கள். ஏப்ரலில் தான்சானியாவுக்குக் கிளம்பி 3 நாள் சான்சிபார் தீவுக் கடற்கரை, 2 நாள் செரங்கெட்டி வனவிலங்குக் காடு, கடைசி 5 நாளில் கிளிமஞ்சாரோ மலை என்று நீங்கள் போட்ட அட்டவணைப்படியே போகப்போகிறார்களாம். 2023 ஜனவரியில் நானும் என் தம்பியும் இந்த மூன்றுக்கும் போய்வந்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் மாதம். மார்ச் நடுவிலிருந்து மே வரை தான்சானியாவில் பெருமழைக் காலம். ஏப்ரலில் லாட்ஜ் மலிவு என்கிறது கட்டுரை. ஐப்பசி மழையில் கடலூரிலும்தான் லாட்ஜ் மலிவு! ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரைதான் மலைக்கும் காட்டுக்கும் தோது.

அடுத்தது மலை. உயரம் 5,895 மீட்டர். கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் திருவந்திபுரம் ஔஷதகிரி, 74 படி. நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். போவதற்கு முன் 4 மாதம் ஞாயிறுதோறும் செஞ்சி ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கினேன். கால் பழகியது, மூச்சு பழகவில்லை. உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள்தான் வேண்டும், எத்தனை படி ஏறிப் பழகியிருந்தாலும்.

மலை ஏறும் பாதைகளில் ஒன்றான மராங்கு வழியில் முதல் இரவு மந்தாரா குடிசை, 2,720 மீட்டர். மறுநாள் ஹொரொம்போ, 3,720. அதற்கடுத்து கிபோ, 4,720. தினம் ஆயிரம் மீட்டர்! 5 நாள் திட்டமென்றால் உடம்பு பழக இடையில் ஒருநாளும் நிற்காமல், கிபோவில் படுத்த அன்றைக்கே நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் ஏஜெண்டும் இதைத்தான் விற்கப் பார்த்தார். தம்பி சண்டை போட்டு ஹொரொம்போவில் ஒருநாள் கூட்டினான்.

அப்படியும் கிபோவில் அவனுக்கு முடியவில்லை. இரவு 11 மணிக்கு வழிகாட்டி எழுப்பி டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். ஒரு மடக்கு குடித்தான், அப்படியே வாந்தி. பிறகு ஷூ நாடாவின் இரண்டு முனையையும் கையில் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி அது. வழிகாட்டி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, துணைக்கு ஒருவரோடு அந்த இருட்டிலேயே கீழே அனுப்பிவிட்டார். ஹொரொம்போ போய்ச் சேர்ந்ததும் காலையில் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தானாம்.

நான் ‘போலே போலே’ என்று அவர்கள் சுவாகிலியில் சொல்வதுபோல மெல்ல மெல்ல நடந்து, மலையின் விளிம்பிலுள்ள கில்மன்ஸ் பாயிண்டில் விடியலைப் பார்த்துத் திரும்பினேன். மலையின் உச்சியான உஹுருவுக்கு இன்னும் 200 மீட்டர் உயரம் பாக்கி. வருத்தமில்லை என்றால் பொய்.

ஆகவே மலைக்கு 7 அல்லது 8 நாள் ஒதுக்குங்கள், மச்சாமே அல்லது லெமோஷோ வழியில். அதை முதலில் வையுங்கள். மலை இறங்கி முட்டி வலித்தால் ஜீப்பில் உட்கார்ந்து சிங்கம் பார்க்கலாம். சிங்கம் பார்த்துக் களைத்தபின் மலை ஏற முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் செரங்கெட்டிக்குத் தெற்கே இண்டுட்டு பக்கம் வில்ட்பீஸ்ட் என்ற மாடு போன்ற மான் கூட்டம் கன்று போடும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து ஓடுவதைக் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தேன். இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் மட்டும் ஸ்வெட்டர் வேண்டும், அங்கே உயரம் 2,300 மீட்டர்.

கடல் கடைசியில் வரட்டும். சான்சிபாரின் பாஜே கடற்கரையில் நாள் முழுதும் நீந்தலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த நேரத்தில் போய்ப் பார்த்தீர்கள்? அங்கே கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிது. வற்றும்போது தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுகிறது, பெண்கள் அந்தச் சேற்றில் குச்சி நட்டுக் கடற்பாசி வளர்க்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஐ தேவனாம்பட்டினத்தில் பார்த்தவள் நான். கடல் அப்படி உள்வாங்கிக் கிடந்ததைக் கண்டதும் கால் தானாக மேட்டுப்பக்கம் திரும்பியது. பாசி பறித்த அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, மஞ்சள் காய்ச்சல் ஊசி. திரும்பும் வழியில் கென்யாவின் நைரோபியில் தங்கினால் இந்தியாவில் இறங்கும்போது சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்தால்தான் அது செல்லும், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். எங்கள் ஏஜெண்ட் மூச்சு விடவில்லை. பயணத்துக்கு 12 நாள் இருக்கும்போது தற்செயலாகத் தெரிந்து, விடியற்காலை பஸ் பிடித்துக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினோம். இன்னொன்று, 2019 ஜூன் முதல் தான்சானியாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது. என் முறுக்கெல்லாம் துணிப்பையில் போய்த் தூளாகத்தான் சேர்ந்தது.

எதிர்வீட்டுக்காரர்கள் வரும் 10-ஆம் தேதி முன்பணம் கட்டுகிறார்கள். நான் சொன்னால், “பேப்பரிலேயே போட்டிருக்கே டீச்சர்” என்கிறார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு இதழிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள்.

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)