செயலாளரின் ஆண்டறிக்கை: பேஸ் வாசித்தவர்களைத் தேடிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்ட கேள்வியில்தான் இந்த ஆண்டின் வேலை தொடங்கியது. “பாடினவர் பேர் சொல்றீங்க, எழுதினவர் பேர் சொல்றீங்க. என் காலைத் தாளம்போட வைக்கிறது அடியில ஓடுற அந்த பேஸ்தானே, அதை வாசிச்சது யார்?” மேடையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்றே தீர்மானம் போட்டோம்: இனி நம் கூட்டங்களில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைப் பாட்டு எதையும், பேஸ் என்னும் தாழ்ந்த ஒலித் தந்திக் கருவியை வாசித்தவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஒலிக்கவிட வேண்டும்.

ஆண்டில் 11 கூட்டங்கள் நடந்தன. ஜனவரிக் கூட்டம் பனிப்புயலால் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

முதல் மூன்று கூட்டங்களையும் ஜேம்ஸ் ஜேமர்சனுக்கே கொடுத்தோம். ஒருவருக்கு மூன்றா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அது குறைவாகத்தான் பட்டது. கனடாவில் நம் விண்ட்சரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அவர் வாசித்த அமெரிக்க நகரம் டெட்ராய்ட். 1936இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்து, 1954இல் டெட்ராய்ட் வந்தவர். பள்ளியில் கற்றது, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ். அப்புறம் டெட்ராய்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் மின் பேஸை எடுத்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பெயர். அவர் வாசித்தது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் என்ற மின் பேஸ். தந்தி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பல பாடல்களுக்கு அவர் முன்னால் இருந்தது கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின், பெயர்கள் எழுதிய ஒரு தாள்தான். பாடகரின் குரலைச் சுற்றிச் சுற்றி ஓடும் அந்த பேஸ் இசையை அங்கேயே, அந்த நிமிடத்தில் உண்டாக்கினார்.

அப்படி உண்டாக்கியதற்கு, தொடக்க ஆண்டுகளில் ஒரு பாட்டுக்குப் பத்து டாலர் அளவில்தான் கிடைத்தது என்று மோட்டவுன் ஸ்டூடியோவின் வாத்தியக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். அறுபதுகளில் வந்த மோட்டவுன் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயரும் இல்லை. நம் ஊர் சி.கே.எல்.டபிள்யூ. வானொலி 50,000 வாட் வலுவோடு இந்தப் பாடல்களை அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. கேட்ட பெரும்பாலோருக்கு ஜேமர்சன் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு 1971இல் வந்தபோதுதான் அவர் பெயர் உறையில் ஏறியது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அவரும் பின்னாலேயே போனார். அங்கே வேலை சுருங்கியது, குடி கூடியது. 1983இல் நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா பாசடீனாவில் நடந்தபோது அவருக்கு அழைப்பில்லை. டிக்கெட் வாங்கி மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2இல் இறந்தார், வயது 47. அதற்குச் சில நாள் முன்னால் அந்த 1962 பேஸ் திருட்டுப்போயிருந்தது. இதை வாசிக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஜூன் மாதம் சுரங்கப்பாதை வழியாக டெட்ராய்ட் போனோம். மோட்டவுன் ஸ்டூடியோ இயங்கிய வெஸ்ட் கிராண்ட் பொலிவார்ட் 2648ஆம் எண் வீட்டின் முன்னால் நின்றோம். பிறகு, ஜேமர்சனை அடக்கம் செய்த உட்லான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் கைப்பேசியில் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ போட்டார். பாட்டு முடியும்வரை யாரும் வாய்திறக்கவில்லை.

ஒரு திருத்தம் சொல்லவேண்டும். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ பற்றிய கூட்டத்தில், 1962இல் வந்த ‘கிரீன் ஆனியன்ஸ்’ இசையில் பேஸ் வாசித்தவர் டொனால்ட் ‘டக்’ டன் என்று அறிவித்துவிட்டோம். அது தவறு. வாசித்தவர் லூயி ஸ்டைன்பர்க். டன் அவருக்குப் பின்னால் வந்தவர். பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் பிற்காலப் பாடல்கள் பலவற்றில் நாம் கேட்பது டன்னைத்தான். 2012 மே மாதம் டோக்கியோவில் கச்சேரி முடித்துத் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. அவரை மதிப்பதற்காக ஸ்டைன்பர்க்கின் உழைப்பை எடுத்து அவர் பெயரில் எழுதக்கூடாது. பதிவேட்டில் மாற்றிவிட்டேன்.

அலபாமா மாநில வாத்தியக்காரர்கள் பற்றிய கூட்டத்துக்குத்தான் ஆட்கள் அதிகம் வந்தார்கள். டேவிட் ஹுட் வாசித்த ‘ஐ’ல் டேக் யூ தேர்’ (1972) போட்டோம். அதில் பேஸ் முன்னுக்கு வரும் இடத்தில் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பாட்டுக்குள்ளேயே “டேவிட்” என்று கூப்பிடுகிறார். நம் தீர்மானத்தை மேவிஸ் அன்றைக்கே நிறைவேற்றிவிட்டார்! அரீதா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’டில் வாசித்த டாமி காக்பில் பற்றியும் பேசினோம். அவர் அடிப்படையில் கிட்டார்காரர்.

லாஸ் ஏஞ்சல்ஸின் கேரல் கே அம்மையாரும் கிட்டாரிலிருந்து வந்தவர்தான். 1963இல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ்காரர் வராமல்போக, இவர் பேஸைக் கையில் எடுத்து வாசித்தார்; அதன் பிறகு ஆயிரக்கணக்கான ரெக்கார்டிங். சில மோட்டவுன் பாடல்களில் வாசித்தது தாமே என்று அவர் சொல்ல, டெட்ராய்ட் தரப்பு மறுத்தது. இதில் உறுப்பினர்களிடையே சூடான விவாதம் நடந்தது. பெயர் பதியாமல் விட்டதன் விலை இதுதான் என்பது என் கருத்து. பதிவேட்டில் அந்தப் பாடல்களுக்கு நேரே இரு தரப்பையும் எழுதியிருக்கிறேன்.

வரும் ஆண்டுக்கு மூவர்: ஜேமர்சனோடு அதே மோட்டவுனில் வாசித்த பாப் பேபிட், ஃபிலடெல்ஃபியாவின் ரானி பேக்கர், ஆல் கிரீனின் பாடல்களில் வாசித்த லீராய் ஹாட்ஜஸ். பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் உறையின் பின்பக்கத்தைப் படமெடுத்து மார்ச் மாதத்துக்குள் அனுப்புங்கள்.

தேநீர் கொடுத்த குடும்பங்களுக்கும் ஒலிபெருக்கியைத் தூக்கிச் சுமந்த இளைஞர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்