மன அழுத்தமும் தள்ளிப்போகும் மாதவிடாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வங்கித் தேர்வுக்கு இரவு பகலாகப் படித்துவந்த என் மகளுக்குத் தொடர்ந்து மூன்று மாதங்கள் மாதவிடாய் வரவில்லை. உறவினர்கள் 'உடம்புச் சூடு' என்று சொல்லி, ஊறவைத்த வெந்தயத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு, ஸ்கேன் பரிசோதனைகளில் குறை ஏதும் தெரியாததால், மருத்துவர் அவளுடைய உறக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றி நிதானமாக விசாரித்தார். அவள் காலையில் வெறும் காபியோடு நிறுத்திக்கொள்வது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இடைவிடாத மன அழுத்தத்தில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்க, மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்பும் தூண்டுதல் மந்தமாகி, சினைமுட்டை வெளிப்படுவதும் அதையொட்டி மாதவிடாயும் நின்றுபோகின்றன என்று அவர் விளக்கினார். சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் இது இன்னும் தீவிரமாகுமாம். மாதவிடாய் நாட்களில் ஏற்கெனவே கடும் வலியால் துடிக்கும் பெண்களுக்கு, மன உளைச்சல் அந்த வலியை மேலும் கூட்டக்கூடும்.

தேர்வு என்றதும் வயிற்றைக் கலக்குவதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் நாம், இதை மட்டும் பெண்ணின் கற்பனை என்று ஒதுக்கிவிடுகிறோம். மூன்று மாதங்கள் தள்ளிப்போனால் கைவைத்தியத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் விரிவாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு தாய், தஞ்சாவூர்