சிவப்பு வட்டம் போட்டால் போதுமா? சேவைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

எங்களுக்குப் பொக்லைன் விற்ற நிறுவனத்தின் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்கு முன்னால் நீங்கள் அனுப்பிய என்ஜின் ஆயில் பரிசோதனை அறிக்கை நினைவிருக்கும். ஆயிலில் சிலிக்கான், அலுமினியம், இரும்பு மூன்றும் அளவுக்கு மேல் இருப்பதாகச் சிவப்பு வட்டம். கீழே, ‘ஆயிலை மாற்றி மறு மாதிரி அனுப்பவும்’ என்று ஒற்றை வரி. போனில் கேட்டபோது, என்ஜினை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார் உங்கள் பொறியாளர். குவாரியில் வண்டி நின்றால் மாதத் தவணையை யார் கட்டுவது என்று அவர் சொல்லவில்லை.

சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால் என்ஜின் மூட்டுகளில் கசியாமலிருக்கப் பூசும் கேஸ்கட் பசையிலிருந்தும் வந்திருக்கலாம். அலுமினியமும் சேர்ந்து ஏறினால் முதலில் கல்தூசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கள் ஆபரேட்டர் ஏர் ஃபில்டரிலிருந்து, என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினார். கிளாம்ப் தளர்ந்திருந்தது. குழாயின் உட்புறத்தைத் தடவியதும் விரலில் சாம்பல் நிறத்தில் மாவுபோல் அப்பியது. என்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் அரைத்து, ஆயிலில் இரும்பை ஏற்றிக்கொண்டிருந்தது அந்தத் தூசிதான். கிளாம்பையும் குழாயையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஓட்டினோம். அடுத்த மாதிரியில் மூன்றும் இறங்கிவிட்டன. அதையும் பழைய தாளைத் தேடியெடுத்து நாங்களேதான் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. முந்தைய மாதிரிகளின் எண்களைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். எந்த இடத்தைச் சோதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். 250 மணி நேரம் ஓடிய ஆயிலில் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) இரும்பு இருப்பதும், 500 மணி நேரம் ஓடியதில் அதே அளவு இருப்பதும் ஒன்றா? பாட்டிலின் மேல் மணிக்கணக்கை எழுதித்தான் கொடுக்கிறோம். அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாகவே வருகிறது. பரிசோதனைக் கட்டணக் கட்டம் மட்டும் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகப் பக்கம் ஓடும் நண்பரின் வண்டியில் சோடியம் ஏறியது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிவா, கடல் உப்பா? பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அவருக்கும் அதே ஒற்றை வரிதான் கிடைத்தது. வண்டி விற்கும்போது மார்த்தாண்டத்தில் வீடு தேடி வந்தவர்கள், இப்போது மாவட்ட எல்லையிலிருக்கும் ஆரல்வாய்மொழியைத் தாண்ட யோசிக்கிறார்கள். தூரம் கூடிவிட்டதோ என்னவோ.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளவும். இந்த வாரம் ஹைட்ராலிக் ஆயில் மாதிரி வருகிறது. பழைய எண்களோடும் மணிக்கணக்கோடும், பார்க்க வேண்டிய இடத்தைக் குறிப்பிட்டும் அதன் அறிக்கையை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொக்லைன் உரிமையாளர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.